உளவியல் படித்தவருக்கு எச்.ஆர். தரவில் என்ன வேலை?

நீங்கள் உளவியலில் பி.எஸ்சி.யோ எம்.எஸ்சி.யோ முடித்திருக்கிறீர்கள். வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அடுத்து என்ன, கவுன்சிலிங்கா?" மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். அதற்கான படிப்புகளில் இடங்கள் குறைவு. பொதுவான எச்.ஆர். வேலைக்குப் போகலாம்தான். ஆனால் படித்ததெல்லாம் பயன்படாமல் போகுமே என்று மனம் உறுத்துகிறது. இப்படி யோசித்துக்கொண்டிருப்பவர்களிடம் அதிகம் பேசப்படாத ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் பீப்பிள் அனலிட்டிக்ஸ் (பணியாளர்களைப் பற்றிய தரவைக் கொண்டு நிறுவனம் முடிவெடுக்க உதவும் வேலை).

அப்படியென்றால் சரியாக என்ன? எந்த நிறுவனத்திலும் யார் எப்போது சேர்ந்தார், எந்தக் குழுவில் இருக்கிறார், என்ன சம்பளம், எத்தனை நாள் விடுப்பு, அப்ரைசலில் என்ன மதிப்பெண், எப்போது ராஜினாமா செய்தார் என்ற விவரமெல்லாம் கணினியில் ஏறிக்கொண்டே இருக்கும். அவற்றை வைத்துச் சில கேள்விகளுக்குப் பதில் தேடலாம். சேர்ந்த ஒரு வருடத்துக்குள் ஏன் இத்தனை பேர் போகிறார்கள்? நாம் நடத்தும் நேர்காணல் நல்ல ஆட்களைத்தான் தேர்ந்தெடுக்கிறதா? ஒரே வேலைக்குப் பெண்களுக்குக் குறைவாகக் கொடுக்கிறோமா? பயிற்சிக்குச் செலவழித்த பணம் பலன் தந்ததா? இந்த வேலையில் இருப்பவர் நாள் முழுவதும் இவற்றோடுதான் மல்லுக்கட்டுகிறார்.

இது கணினி படித்தவர்களின் வேலையில்லையா என்று கேட்பீர்கள். மனிதர்களை எண்ணால் அளந்து வேலைக்கு அமர்த்தும் பழக்கத்தைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தவர்களே உளவியலாளர்கள்தான். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917இல், ராபர்ட் யெர்கிஸ் தலைமையில் உளவியலாளர்கள் ராணுவத்துக்காக ஆர்மி ஆல்ஃபா, ஆர்மி பீட்டா என்ற தேர்வுகளை உருவாக்கினார்கள். சுமார் 17 லட்சம் பேர் அவற்றை எழுதினார்கள். இன்று எல்லா நிறுவனக் கருத்துக்கணிப்பிலும் வரும் "முற்றிலும் உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரையிலான அளவுகோலை 1932இல் தந்த ரென்சிஸ் லைக்கர்ட்டும் உளவியலாளர். நீங்கள் அந்நிய வீட்டுக்குள் நுழையவில்லை.

சரி, பழைய உறவு இருக்கட்டும், இன்றைக்கு என்ன பயன்? இங்கே ஒரு ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைகளில் நோயாளிக்கு மருந்து தருவதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக, நல்ல தலைமையின் கீழ் இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். தரவு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகளின் எண்ணிக்கை அதிகம்.

எண்ணை மட்டும் பார்ப்பவர், "ஒற்றுமை கூடினால் தவறும் கூடுகிறது" என்று அறிக்கை எழுதி அனுப்பிவிடுவார். எட்மண்ட்சன் அந்த எண் எதை அளக்கிறது என்று நின்று யோசித்தார். பதிவேட்டில் இருப்பது நடந்த தவறுகள் அல்ல, சொல்லப்பட்ட தவறுகள். பயமில்லாத குழுவில் செவிலியர்கள் தவறை வாய்விட்டுச் சொன்னார்கள். பயந்த குழுவில் மறைத்தார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் அவர் 1999இல் விரித்தெழுதிய உளவியல் பாதுகாப்பு (தவறைச் சொன்னாலும் கேள்வி கேட்டாலும் குழுவில் யாரும் நம்மை அவமானப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை) என்ற கருத்து. கூகுள் நிறுவனம் 2012இல் தொடங்கிய 'அரிஸ்டாட்டில்' என்ற ஆய்வில் சுமார் 180 குழுக்களைப் பார்த்தது. நன்றாக இயங்கும் குழுக்களை அடையாளம் காட்டும் அம்சங்களில் முதலிடத்தில் வந்தது இதே உளவியல் பாதுகாப்பு.

இந்தத் துறைக்குள் நீங்கள் கொண்டுபோகக்கூடிய சொத்து இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர். ஒரு மனிதரைப் பற்றிய எண் உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று கேட்கப் பழகியவர்கள் குறைவு. உளவியல் படிப்பு உங்களை அதற்குத்தான் வருடக்கணக்கில் பழக்கியிருக்கிறது.

நடைமுறையில் எங்கே இது தெரியும்? ஒரு கருத்துக்கணிப்பில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வையுங்கள்: "என் மேலாளர் நியாயமாகவும் திறமையாகவும் நடந்துகொள்கிறார்." பார்த்த உடனே உங்களுக்கு உறுத்தும். மேலாளர் திறமைசாலி, ஆனால் ஓரவஞ்சனை செய்பவர் என்றால் பணியாளர் எந்த எண்ணைக் குறிப்பது? இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டிய வாக்கியம் இது. ஆயிரக்கணக்கான பேரிடம் இதைக் கேட்டு, வந்த பதிலை வண்ண வண்ண வரைபடமாக மேலிடத்துக்குக் காட்டும் நிறுவனங்கள் இருக்கின்றன. அனுப்புவதற்கு முன் அதைத் தடுத்து இரண்டாகப் பிரித்தீர்கள் என்றால், பிறகு எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாத ஒரு பிழையைத் தவிர்த்துவிட்டீர்கள்.

கல்லூரியில் மனப்பாடம் செய்த நம்பகத்தன்மை (திரும்ப அளந்தாலும் ஒரே மாதிரி விடை வருவது), ஏற்புடைமை (அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா என்பது) ஆகிய இரண்டும் இங்கே தினசரிச் சாமான்கள். "வேலையில் ஈடுபாடு" என்று ஒரு நிறுவனம் வைத்திருக்கும் ஐந்து கேள்விகளுக்கு க்ரான்பாக் ஆல்ஃபா (ஒரு தொகுப்பிலுள்ள கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) பார்த்துச் சொல்ல முடிந்தவர், முதல் மாதத்திலேயே அந்தக் குழுவுக்குத் தேவையானவராகிவிடுவார்.

அப்படியானால் என்னிடம் இல்லாதது எது? இதை மறைக்காமல் சொல்வதுதான் நல்லது. மூன்று விஷயங்கள் இருக்காது. ஒழுங்கில்லாத தரவைக் கையாளும் பழக்கம் முதலாவது. பல அட்டவணைகளைச் சேர்த்துக் கேள்வி கேட்கும் கணினித் திறன் அடுத்தது. முடிவைப் பணத்தின் மொழியில் சொல்லும் வழக்கம் மூன்றாவது. மூன்றும் கற்றுக்கொள்ளக்கூடியவை. ஆனால் முதலாவது பலரைத் திணறடிக்கிறது.

ஏன்? உங்கள் ஆய்வேட்டுக்கு 120 மாணவர்களிடம் படிவம் கொடுத்து, நீங்களே எஸ்.பி.எஸ்.எஸ்.இல் ஏற்றினீர்கள். அந்தத் தரவு உங்கள் கேள்விக்காகவே பிறந்தது. நிறுவனத்தின் தரவு அப்படியல்ல. சம்பளம் போடுவதற்காகப் பதிந்தது, பி.எஃப். கணக்குக்காகப் பதிந்தது, யாரோ அவசரத்தில் நிரப்பியது. ஒப்பந்தத்தில் சேர்ந்து பிறகு நிரந்தரமானவருக்கு இரண்டு பணியாளர் எண்கள் இருக்கும். சென்னையிலிருந்து புனேக்கு மாற்றலானவரை ஒரு அட்டவணை 'விலகியவர்' என்றும், இன்னொன்று 'புதிதாகச் சேர்ந்தவர்' என்றும் சொல்லும். 04/05 என்று எழுதிய தேதி ஏப்ரல் 5ஆ, மே 4ஆ என்று தெரியாது. இதையெல்லாம் கவனிக்காமல் கணக்குப் போட்டால், நடக்காத ராஜினாமாக்களுக்கு நீங்கள் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வேலையின் பெரும்பகுதி இந்தத் துப்புரவுதான் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பொறுமையில்லாதவர்களுக்கு இது சலிக்கும். சேர்ந்த சில மாதங்களில் "இதற்கா படித்தேன்" என்று தோன்றும் நாட்களும் வரும். ஆனால் ஒவ்வொரு குளறுபடிக்குப் பின்னாலும் அந்த நிறுவனம் உண்மையில் எப்படி இயங்குகிறது என்ற செய்தி ஒளிந்திருக்கிறது. அதை ரசிக்க முடிந்தால் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கும்.

எதிலிருந்து கற்கத் தொடங்குவது? எக்செல். சிரிக்காதீர்கள், பல எச்.ஆர். குழுக்கள் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. பிவட் டேபிள் (நீண்ட பட்டியலைத் துறைவாரியாக, மாதவாரியாகச் சுருக்கித் தரும் வசதி) உங்கள் கைக்குப் பழக வேண்டும். இரண்டு பட்டியல்களைப் பணியாளர் எண் வழியாக இணைக்கத் தெரிய வேண்டும். இது சில வார வேலை.

அடுத்து எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி). உளவியல் படித்தவர்கள் இதைத் தாண்டி நேராகப் பைத்தானுக்கு ஓடுவதைப் பார்க்கிறேன். அது வேண்டாம். வேலை விளம்பரங்களில் அதிகம் கேட்கப்படுவதும், நேர்காணலில் உடனே சோதிக்கப்படுவதும் எஸ்.க்யூ.எல்.தான். செலக்ட், ஜாயின், குரூப் பை என்ற மூன்று கட்டளைகளை நன்றாகப் புரிந்துகொண்டால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள்.

இதில்கூட உங்கள் படிப்பு கைகொடுக்கும். பணியாளர் பட்டியலையும் கருத்துக்கணிப்புப் பதில்களையும் சாதாரண ஜாயின் போட்டு இணைத்தால், இரண்டு பட்டியலிலும் இருப்பவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். பதிலே தராதவர்கள் சத்தமில்லாமல் காணாமல் போய்விடுவார்கள். கணினிக்கு அது பிழையே அல்ல. ஆனால் பதில் தராதவர் யார்? நம்பிக்கை இழந்தவராக இருக்கலாம், வேறு வேலை பார்த்துவிட்டவராக இருக்கலாம், நைட் ஷிப்டில் படிவம் திறக்க நேரமில்லாதவராக இருக்கலாம். அவர்களையும் பட்டியலில் வைத்திருக்க லெஃப்ட் ஜாயின் போட வேண்டும் என்று உங்களுக்கு உடனே தோன்றும். யார் பதில் சொன்னார், யார் சொல்லவில்லை என்று கேட்பதை நீங்கள் ஆய்வு முறையியல் வகுப்பிலேயே படித்துவிட்டீர்கள்.

மூன்றாவதாக ஆர் அல்லது பைத்தான், இரண்டில் ஒன்று. எது? எஸ்.பி.எஸ்.எஸ்.இல் பழகியவருக்கு ஆர் எளிதாக வரும், ஏனென்றால் அது புள்ளியியலாளர்கள் தங்களுக்காகவே உருவாக்கிய மொழி. நீங்கள் போக விரும்பும் இடங்களில் பைத்தான் கேட்கிறார்கள் என்றால் அதையே எடுங்கள். இரண்டும் இலவசம். குறியீடு எழுதப் பயமாக இருந்தால் ஜமோவி என்ற இலவச மென்பொருளில் தொடங்கலாம். எஸ்.பி.எஸ்.எஸ். போலவே சொடுக்கிச் சொடுக்கி வேலை செய்யும், பின்னணியில் ஓடும் ஆர் குறியீட்டையும் காட்டும். கடைசியாக பவர் பி.ஐ. அல்லது டேப்ளோ, டேஷ்போர்டு (நிலவரத்தை ஒரே திரையில் காட்டும் வரைபடத் தொகுப்பு) செய்வதற்கு. இதில் அழகுக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

"எனக்குக் கணக்கு வராது, அதனால்தான் உளவியலே எடுத்தேன்" என்கிறீர்களா? டி-டெஸ்ட், அனோவா, கோரிலேஷன் என்று தேர்வில் எழுதிய கணக்குகள்தான் இங்கேயும் அடித்தளம். டி-டெஸ்டும் அனோவாவும் ரிக்ரஷனின் சிறப்பு வடிவங்கள் என்று ஒருமுறை புரிந்துவிட்டால், லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (போவாரா, இருப்பாரா என்பது போன்ற இரண்டே விடையுள்ள கேள்விக்கான கணக்கு) அடுத்த படிதான். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். கல்லூரியில் 'பி மதிப்பு 0.05க்குக் கீழே' என்றதும் மகிழ்ந்தோம். 20,000 பேர் உள்ள நிறுவனத்தில் ஒன்றுக்கும் உதவாத சிறு வித்தியாசம்கூட அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். வித்தியாசம் இருக்கிறதா என்பதைவிட அது எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லுங்கள்.

பழகுவதற்குத் தரவு எங்கே கிடைக்கும்? எந்த நிறுவனமும் பணியாளர் விவரத்தை வெளியே தராது, தரவும் கூடாது. ஆனால் ஐ.பி.எம். நிறுவனத்தின் தரவு அறிவியலாளர்கள் பயிற்சிக்காகக் கற்பனையாக உருவாக்கிய ஒரு தொகுப்பு கேகிள் தளத்தில் இலவசமாக இருக்கிறது. 1,470 பேர், ஆளுக்கு 35 விவரங்கள். அவர்களில் 237 பேர் வேலையை விட்டவர்கள், அதாவது சுமார் 16 சதவீதம். ஆயிரக்கணக்கானோர் இதே தரவில் பயிற்சி செய்திருக்கிறார்கள். அதனால் வழக்கமான வரைபடங்களைப் போட்டு வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உளவியல் படித்தவராக அதைப் பாருங்கள்.

ஓவர்டைமிலிருந்து தொடங்குவோம். ஓவர்டைம் பார்த்த 416 பேரில் 127 பேர் விலகியிருக்கிறார்கள், நூற்றுக்குச் சுமார் 30. பார்க்காத 1,054 பேரில் 110 பேர், நூற்றுக்குச் சுமார் 10. மூன்று மடங்கு வித்தியாசம்! "ஓவர்டைமை நிறுத்தினால் விலகல் குறையும்" என்று எழுதக் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஓவர்டைம் பார்ப்பவர்கள் வேறு எதிலாவது மாறுபட்டவர்களா? சம்பளம் குறைந்த, புதிதாகச் சேர்ந்த ஆட்களிடம்தான் அதிகம் சுமத்தப்பட்டிருக்குமோ? ஏற்கெனவே பலர் விலகியதால் மிச்சமிருப்பவர்கள் ஓவர்டைம் பார்க்க நேர்ந்ததோ? பதவி நிலை, சம்பளம், பணிக்காலம் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்து, அதன் பிறகும் வித்தியாசம் நிற்கிறதா என்று காட்டுங்கள். தொடர்பு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்று நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

அதே தொகுப்பில் பணித்திறன் மதிப்பெண்ணைப் பாருங்கள். அளவுகோல் 1 முதல் 4 வரை. ஆனால் 1,470 பேரில் ஒருவருக்குக்கூட 1ஓ 2ஓ இல்லை. எல்லோரும் 3 அல்லது 4. நிஜ நிறுவனங்களிலும் இப்படித்தான், மோசம் என்று எழுத மேலாளருக்கு மனம் வராது. உளவியலில் இதற்கு வீச்சுக் குறுக்கம் (மதிப்புகள் ஒரு சிறு எல்லைக்குள் அடைபட்டுப்போவது) என்று பெயர். இப்படிப்பட்ட மதிப்பெண்ணோடு எதை ஒப்பிட்டாலும் தொடர்பு பலவீனமாகத்தான் தெரியும். "நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் பணித்திறனுக்கும் சம்பந்தமே இல்லை, நேர்காணலை எடுத்துவிடலாம்" என்று ஒரு கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறார்கள் என்றால், அங்கே கையைத் தூக்கி இதை விளக்க வேண்டியவர் நீங்கள்தான். தேர்வானவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறோம், தேர்வாகாதவர்கள் எப்படி வேலை செய்திருப்பார்கள் என்பது இந்தத் தரவில் இல்லை என்று சொல்லுங்கள்.

இன்னொரு பொறியும் இதிலேயே இருக்கிறது. "யாருமே விலக மாட்டார்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு கணிக்கும் ஒரு கணக்கு, இந்தத் தரவில் 84 சதவீதம் சரியாக இருக்கும், ஏனென்றால் 84 சதவீதம் பேர் விலகவில்லை. ஆகவே "என் மாடல் 85 சதவீதம் துல்லியம்" என்று ரெஸ்யூமேயில் எழுதினால் விவரம் தெரிந்தவர் அப்படியே கடந்துபோய்விடுவார். விலகியவர்களில் எத்தனை பேரை முன்பே பிடித்தது, விலகாதவர்களில் எத்தனை பேரை வீணாகச் சந்தேகித்தது என்ற இரண்டையும் எழுதுங்கள். கூடவே, இது கற்பனைத் தரவு, இதன் முடிவுகள் எந்த உண்மையான நிறுவனத்துக்கும் பொருந்தாது என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியே உங்களைப் பலரிடமிருந்து பிரித்துக் காட்டும்.

பணத்தின் மொழி என்று சொன்னேனே, அது என்ன? நிதித்துறைத் தலைவரிடம் போய் "ஈடுபாட்டுக்கும் விலகலுக்கும் உள்ள தொடர்பெண் மைனஸ் 0.3" என்றால் அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அவருக்குப் புரிவது அட்ரிஷன் (வருடத்தில் விலகியவர்களைச் சராசரிப் பணியாளர் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் சதவீதம்). சராசரியாக 600 பேர் உள்ள இடத்தில் வருடத்துக்கு 90 பேர் போனால் அட்ரிஷன் 15 சதவீதம். போனவரின் இடத்தில் இன்னொருவரைத் தேடி, சேர்த்து, பழக்க ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதால் 20 பேர் தங்கினால் மிச்சம் 40 லட்சம், பயிற்சியின் செலவு 12 லட்சம் என்று சொல்லுங்கள். அந்த 20 என்ற எண் எவ்வளவு உறுதியானது, 10ஆகக் குறைந்தாலும் லாபமா என்பதையும் சேர்த்துச் சொன்னால், அடுத்த முறை அவர்களே உங்களைக் கூப்பிடுவார்கள்.

ரெஸ்யூமேயில் என்ன மாற்ற வேண்டும்? "கல்லூரி மாணவர்களின் மன அழுத்தமும் உறக்கமும் என்ற தலைப்பில் ஆய்வேடு" என்று நீங்கள் எழுதியிருப்பதை எச்.ஆர். மேலாளர் படித்துவிட்டுத் தாண்டிவிடுவார். "24 கேள்விகள் கொண்ட கருத்துக்கணிப்பை வடிவமைத்து, 120 பேரிடம் நடத்தி, கேள்விகளின் நம்பகத்தன்மையைச் சோதித்து, உறக்கக் குறைவுக்கான மூன்று காரணிகளை ரிக்ரஷன் மூலம் பிரித்துக் காட்டினேன்" என்று எழுதிப் பாருங்கள். செய்தது அதே வேலைதான், படிப்பவருக்கு இப்போது தன் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு நினைவுக்கு வருகிறது. கவுன்சிலிங் பயிற்சியையும் விடாதீர்கள். எக்ஸிட் இன்டர்வியூவில் (விலகுபவரிடம் நடத்தும் கடைசி உரையாடல்) "சொந்தக் காரணம்" என்று முடித்துக்கொள்பவரைப் பேசவைக்கத் தெரிந்த அனலிஸ்ட் அபூர்வம்.

எந்தப் பெயரில் வேலை தேடுவது? பீப்பிள் அனலிஸ்ட் என்ற பெயரில் மட்டும் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். எச்.ஆர். அனலிஸ்ட், எச்.ஆர். எம்.ஐ.எஸ்., எச்.ஆர்.ஐ.எஸ். அனலிஸ்ட், வொர்க்ஃபோர்ஸ் பிளானிங், டேலண்ட் அசெஸ்மென்ட் என்ற பெயர்களிலும் தேடுங்கள். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் நடத்தும் ஜி.சி.சி.க்கள் (தாய் நிறுவனத்தின் பணிகளை இங்கிருந்து செய்யும் மையங்கள்) முக்கியமான இடம், ஏனென்றால் பல நாட்டுப் பணியாளர் தரவை இங்கேயே கையாள்கிறார்கள். வேலைத்தேர்வுகளை வடிவமைக்கும் நிறுவனங்கள் உங்கள் அளவீட்டு அறிவை நேராகப் பயன்படுத்தும். எச்.ஆர். மென்பொருள் செய்பவர்களும் உண்டு. சோஹோ பீப்பிள் சென்னையில் பிறந்தது, டார்வின்பாக்ஸ் ஹைதராபாத்தில்.

எம்.பி.ஏ. இல்லாமல் எடுப்பார்களா? சில இடங்களில் கேட்பார்கள், பல அனலிஸ்ட் வேலைகளில் செய்துகாட்டினால் போதும். சம்பளம்? தொடக்கத்தில் மென்பொருள் துறையின் டேட்டா சயின்டிஸ்டோடு ஒப்பிட வேண்டாம். ஏற்கெனவே எச்.ஆர். வேலையில் இருப்பவர் என்றால் வெளியே தேடுவதைவிட உள்ளேயே நகர்வது எளிது. உங்கள் குழு மாதாமாதம் கையால் செய்யும் ஒரு அறிக்கையை எடுத்துச் சீர்செய்யுங்கள், அதுவே உங்கள் முதல் வேலைச் சான்று.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இதெல்லாம் நிலைக்குமா? எஸ்.க்யூ.எல். எழுதித் தருவதை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களைத் தரம்பிரிக்க ஒரு கருவியை உருவாக்கிப் பார்த்த கதையை 2018இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. பத்து வருட விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. கருவி ஆண்களே சிறந்தவர்கள் என்று கற்றுக்கொண்டு, பெண்களுக்கான சங்கம், பெண்கள் கல்லூரி போன்ற குறிப்புகள் இருந்த விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. அதைக் கைவிட்டார்கள். பழைய முடிவுகளில் இருந்த ஓரவஞ்சனையைக் கணினி உண்மை என்று எடுத்துக்கொள்ளும். "இந்தத் தரவில் 'நல்ல பணியாளர்' என்று முடிவுசெய்தது யார்?" என்று கேட்க ஒருவர் வேண்டும்.

இனி நான் மிகவும் அக்கறைப்படும் ஒரு விஷயம். கவுன்சிலிங் அறையில் உங்கள் கடமை எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு. இங்கே சம்பளம் தருவது நிறுவனம், தரவு பணியாளருடையது. இந்த இழுபறியை நீங்கள் ஒவ்வொரு வாரமும் சந்திப்பீர்கள். "பெயர் வெளியே வராது" என்று சொல்லி நடத்திய கருத்துக்கணிப்பில் மூன்று பேர் உள்ள குழுவின் சராசரியைக் காட்டினால், யார் என்ன சொன்னார் என்பதை மேலாளர் ஊகித்துவிடுவார். அதனால்தான் ஐந்து பேருக்குக் குறைந்த குழுவின் முடிவைக் காட்டுவதில்லை என்ற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மேலாளர் எவ்வளவு கெஞ்சினாலும் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

பெயர் போட்ட விலகல் கணிப்புப் பட்டியல் இன்னும் ஆபத்தானது. ஒருவர் போய்விடுவார் என்று கணினி சொன்னதைக் கேட்ட மேலாளர், அவரைத் தக்கவைக்க முயலலாம். "எப்படியும் போகப் போகிறவர்தானே" என்று பதவி உயர்வை நிறுத்தியும் வைக்கலாம். பிறகு அவர் உண்மையாகவே போவார், கணிப்பு பலித்ததாகவும் கணக்கில் ஏறும். குழு அளவில், காரணங்களாக மட்டும் கொடுப்பது நல்லது. பணியாளர் உதவித் திட்டத்தில் கவுன்சிலரைப் பார்த்தவர்கள் யார் என்ற விவரத்தை எந்த ஆய்விலும் இணைக்கச் சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலத் தகவலின் இரகசியத்தை உரிமையாகவே தந்திருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. இந்த எண்ணைச் சொன்னால் அறத்தைக் கேட்காதவர்களும் கேட்பார்கள்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்? இரண்டு அட்டவணைகளைத் தந்து எஸ்.க்யூ.எல். எழுதச் சொல்வார்கள். பிறகு பெரும்பாலும் ஒரு சூழ்நிலை: "ஒரு பிரிவில் அட்ரிஷன் திடீரென்று கூடியிருக்கிறது, எப்படி அணுகுவீர்கள்?" உடனே மாடலைப் பற்றிப் பேசத் தொடங்காதீர்கள். விலகல் என்று எதைக் கணக்கிட்டார்கள், தானே போனவர்களா அனுப்பப்பட்டவர்களா, அப்ரைசல் முடிந்து போனஸ் கைக்கு வந்த மாதமா, புது மேலாளர் வந்தாரா, போனவர்கள் புதியவர்களா பழையவர்களா என்று திருப்பிக் கேளுங்கள். தரவில் இல்லாததை அறிய எட்டுப் பத்துப் பேரிடம் நேரில் பேசுவேன் என்றும் சொல்லுங்கள். மற்ற விண்ணப்பதாரர்களில் பலருக்கு அது தோன்றியிருக்காது.

கடைசியில் "நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்பார்கள். இரண்டு கேள்விகளை எடுத்துப்போங்கள். தனி ஒருவரின் கருத்துக்கணிப்புப் பதிலை இங்கே யார் யார் பார்க்க முடியும்? போன வருடக் கருத்துக்கணிப்பின் முடிவால் இங்கே என்ன மாறியது? முதல் கேள்விக்கு மழுப்பினால், அங்கே சேரும் முன் ஒருமுறை யோசியுங்கள். இரண்டாவதற்கு அவர்களிடம் பதில் இல்லையென்றால், வண்ண டேஷ்போர்டுகள் செய்து தருவதுதான் உங்கள் வேலையாக இருக்கும்.